பெரியவரை இல்லத்தில் சேர்க்கப் போகிறீர்களா? ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. பெரியப்பா போன பிறகு பாம்பனில் தனியாகத்தான் இருந்தார். ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து மெல்ல நடக்கத் தொடங்கினாலும் தனியாக விட முடியவில்லை. எங்கள் வீட்டில் இரண்டு மாதம், தம்பி வீட்டில் ஒரு மாதம் என்று இருந்தார். கடைசியில் எல்லோரும் கூடிப் பேசி ஓர் இல்லத்தில் சேர்த்தோம். எல்லோரும் என்று எழுதும்போதே உறுத்துகிறது. அந்தப் பேச்சில் பெரியம்மா மட்டும் இல்லை.

மூன்றாவது மாதம் போனபோது அவர் இடுப்பில் எப்போதும் செருகியிருக்கும் சுருக்குப்பையைக் காணோம். கேட்டதற்கு, "ஆபீஸ்ல பத்திரமா இருக்காம் தாயி" என்றார். அதில் இருந்ததெல்லாம் இருநூறோ முந்நூறோ ரூபாய், பெரியப்பாவின் போட்டோ ஒன்று, ஒரு சுண்ணாம்பு டப்பா. பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கை, பை இருந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தது. சேலை மாற்றிவிடலாம் என்று திருப்பிப் படுக்க வைத்தேன். முதுகின் அடியில், வால் எலும்புக்கு நேர் மேலே, ஐந்து ரூபாய் காசு அளவுக்குத் தோல் கருஞ்சிவப்பாக இருந்தது. நடுவில் உரிந்து ஈரம் கசிந்தது. இதை எங்களுக்கு யாரும் போனில்கூடச் சொல்லவில்லை.

அந்தக் காசளவுப் புண்ணிலிருந்துதான் நான் இந்த விஷயத்தைக் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். அப்புறம் தெரிந்தவர்கள் சிலருடைய வீட்டுப் பெரியவர்களுக்காக மனு எழுதவும், இல்லம் பார்க்கவும் கூடப் போயிருக்கிறேன். மகன் வளைகுடாவில், மகள் சென்னையில், மருமகன் கடலில் என்று இருக்கும் நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு இல்லம் தேவைப்படத்தான் செய்கிறது. சேர்ப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றி வைப்பதுபோல் பெரியவர்கள் தங்கள் உரிமைகளைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவதில்லை. வெளியிலிருந்து ஒருவர் விடாமல் வந்து பார்த்து, கேட்டு, எழுதி வைத்தால்தான் அந்த உரிமைகள் உள்ளே செல்லுபடியாகும்.

முதலில், போகிறவரிடம் கேளுங்கள்

சுயநினைவுள்ள ஒருவரை அவர் சம்மதம் இல்லாமல் எங்கேயும் தங்க வைக்க யாருக்கும் உரிமை இல்லை, பெற்ற பிள்ளைக்கும் இல்லை. "நல்ல இடம்மா, போய்ப் பாரு" என்று சொல்லி ஆட்டோவில் ஏற்றுவது சம்மதம் ஆகாது. இரண்டு மூன்று இல்லங்களைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். பத்துப் பதினைந்து நாள் தங்கிப் பார்க்க முடியுமா என்று இல்லத்தில் கேளுங்கள். சில இடங்களில் ஒத்துக்கொள்வார்கள்.

சின்ன விஷயம் என்று நாம் நினைப்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். மீன் இல்லாமல் சோறு இறங்காத மனுஷியை முழுச் சைவ இல்லத்தில் கொண்டுபோய் விட்டால் அவர் சாப்பாட்டையே விட்டுவிடுவார். என் பெரியம்மா அப்படித்தான் மெலிந்தார். கீழக்கரைப் பாட்டிக்கு ஐந்து வேளை தொழ இடமும் நோன்பு மாதத்தில் விடியலுக்கு முன்னால் சஹர் சாப்பாடும் வேண்டும். தங்கச்சிமடத்து அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை வேண்டும். வெற்றிலை, டீ, மதியத் தூக்கம், யார் பக்கத்தில் கட்டில் என்று எல்லாவற்றையும் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாள் பின்னால் வேலைக்கு வரும்.

அவர் போக மாட்டேன் என்று சொன்னால் வீட்டிலேயே வைத்துக்கொள்ள என்ன வழி என்றும் பாருங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. படுக்கையில் இருப்பவர்களுக்கான நோய்த் தணிப்புச் சிகிச்சையும் பிசியோதெரபியும் அதில் உண்டு. ஆதரவற்றவர் என்றால் மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். பணம் பெரிதில்லைதான், ஆனாலும் அவர் பெயரில் வருகிற பணம்.

அது எந்த மாதிரி இடம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

வெளியே ஒரே மாதிரி போர்டு மாட்டியிருந்தாலும் உள்ளே வேறு வேறு சட்டம். முதியோர் இல்லம் என்றால், இலவசமானாலும் பணம் கட்டுவதானாலும், சமூக நலத்துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். ராமநாதபுரத்தில் உள்ள மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேட்டால் பதிவு இருக்கிறதா என்று சொல்வார்கள். டிரிப்ஸ் ஏற்றுவது, ஊசி போடுவது என்று மருத்துவமும் நடந்தால், மருத்துவமனைகளுக்கு உரிய பதிவு தனியாக வேண்டும். அது சுகாதாரத்துறை இணை இயக்குநர் அலுவலகத்தில் நடப்பது. மனநோய் உள்ளவர்களை வைத்துச் சிகிச்சை தரும் இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், தேதியைப் பாருங்கள். "ரினியூவலுக்குப் போட்டிருக்கு சார்" என்றால் போட்டதற்கான ரசீதைக் கேளுங்கள்.

இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் ஒரு கூடுதல் கடமை இருப்பதாக நான் நினைக்கிறேன். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் தர்கா இருக்கும் ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. காலில் சங்கிலி. ஓட முடியவில்லை. 28 பேர் இறந்துபோனார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது, அங்கிருந்த அப்படிப்பட்ட விடுதிகள் மூடப்பட்டன. அவர்களையும் குடும்பத்தார்தான் கொண்டுவந்து விட்டிருந்தார்கள், குணமாகும் என்ற நம்பிக்கையில். விட்டுவிட்டுப் போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்து சங்கிலியைப் பார்த்திருப்பார்கள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

இப்போது நடைமுறையில் இருப்பது 2017-இல் வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம். எந்த விதத்திலும் எவரையும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று அது சொல்கிறது. மனநோய் என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தில் நினைவாற்றலைக் கடுமையாகப் பாதிக்கும் கோளாறும் வரும். அதனால் மறதி நோய் வந்த நம் வீட்டுத் தாத்தாவுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. "ராத்திரி எழுந்து நடக்கிறாரு, அதான் துண்டால கட்டிலோட கட்டிவச்சோம்" என்று யாராவது சொன்னால் அன்றைக்கே பேசித் தீருங்கள். தாழ்வான கட்டில், கதவில் மணி, இரவில் விழித்திருக்கும் ஒரு ஆள், இதற்கெல்லாம் வழி உண்டு. கட்டி வைப்பது ஆள் பற்றாக்குறைக்கு மருந்தாகக் கூடாது.

சொல்லாமல் போய்ப் பாருங்கள்

ஒரு தடவை சொல்லிவிட்டுப் போங்கள், இன்னொரு தடவை சொல்லாமல் மாலை ஆறரை, ஏழு மணிக்குப் போங்கள். பகல் ஆட்கள் கிளம்பி, இரவுக்கு எத்தனை பேர் என்பது அப்போதுதான் தெரியும். எத்தனை பேருக்கு எத்தனை ஆயா என்று கேட்டு, தலையை எண்ணிப் பாருங்கள்.

கழிப்பறைக்குள் நீங்களே போங்கள். சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா, தரை வழுக்குகிறதா, உள்ளே விழுந்தால் கதவை வெளியிலிருந்து திறக்க முடியுமா? குடிதண்ணீரை ஒரு வாய் குடித்துப் பாருங்கள். நம் ஊர் நிலத்தடி நீர் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத நாளில் என்ன தருகிறார்கள் என்று கேளுங்கள். உப்புத் தண்ணீர் பிடிக்காமல் பெரியவர்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். அதில் மலச்சிக்கல் வரும், சிறுநீர்க் கடுப்பு வரும், சிலருக்குப் புத்தி தடுமாற்றம்கூட வரும்.

அப்புறம் புயல். 1964-இல் தனுஷ்கோடியை அழித்த கடல்தான் நம் வாசலில் கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் படுக்கையில் இருப்பவர்களை எங்கே, எந்த வண்டியில் கொண்டுபோவார்கள்? கரண்ட் இரண்டு நாள் இல்லாவிட்டால் ஆக்சிஜன் மெஷினும் காற்று மெத்தையும் எதில் ஓடும்? பதில் சொல்லத் தெரியாத இல்லம் என்றால் நான் யோசிப்பேன்.

அங்கே ஏற்கெனவே இருப்பவர்களிடம் தனியாகப் பேசுங்கள். நிர்வாகி பக்கத்திலேயே நின்றுகொண்டு விலக மறுத்தால் அதுவே ஒரு பதில்தான்.

கையெழுத்துப் போடும் முன்

எல்லாத் தவறும் இந்த இடத்தில்தான் நடக்கிறது, அதனால் இதில் அவசரப்படாதீர்கள். அட்மிஷன் பாரத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கிறேன் என்று சொல்லுங்கள். எழுத்தில் இருக்க வேண்டியவை: மாதக் கட்டணம் எவ்வளவு, அதில் எது எது அடக்கம் (டயபர், மருந்து, ஆம்புலன்ஸ், துணி துவைப்பது இவற்றில்தான் சண்டை வரும்), கட்டணத்தை உயர்த்தினால் எத்தனை நாள் முன்பு சொல்வார்கள், டெபாசிட் எப்போது, எவ்வளவு திரும்பக் கிடைக்கும், உடம்புக்கு முடியாமல் போனால் எந்த மருத்துவமனை, யாருக்கு முதலில் போன். எந்த நேரமும் வந்து பார்க்கலாம் என்ற வரியும், விருப்பப்பட்டால் வெளியேறலாம் என்ற வரியும் இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். முதலில் எழுதிய விருப்பத் தாளை இதோடு இணைத்து நிர்வாகியிடம் கையெழுத்து வாங்குங்கள். ஒவ்வொரு மாதமும் ரசீது வாங்குங்கள். கைச்சீட்டில் கணக்கு வைக்கும் இடத்தில் பணத்தை ஜிபே மூலமோ வங்கி மூலமோ கட்டினால் பதிவாவது மிஞ்சும்.

படகு வருமானத்தில் கட்டணம் கட்டுகிறவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தை இப்போதே பேசிவிடுங்கள். அந்த இரண்டு மாதம் தாமதமாகக் கட்ட ஒத்துக்கொள்கிறார்களா? பாக்கி இருக்கிறது என்பதற்காகச் சாப்பாட்டைக் குறைப்பதும், மருந்தை நிறுத்துவதும், வீட்டுக்கு அனுப்ப மறுத்து உள்ளேயே வைத்திருப்பதும் கூடாது. பணத்தைக் கேட்க அவர்களுக்கு வேறு சட்ட வழி இருக்கிறது.

கொடுக்கவே கூடாதவை: ஏடிஎம் கார்டும் அதன் ரகசிய எண்ணும், வங்கிப் பாஸ்புக், ஆதார் ஒரிஜினல், எழுதாத பத்திரத்தில் கைரேகை. சொத்தை இல்லத்தின் பெயருக்கு எழுதி வைத்தால் ஆயுசுக்கும் பார்த்துக்கொள்கிறோம் என்று எவரேனும் சொன்னால் வக்கீலைப் பார்க்காமல் ஓர் அடி எடுத்து வைக்காதீர்கள். ஓய்வூதியம் வாங்குகிறவர் என்றால் உயிர்வாழ்வுச் சான்றிதழை நீங்களே பக்கத்தில் இருந்து செய்து கொடுங்கள்.

கொண்டுபோகும் பொருள்களுக்கு ஒரு பட்டியல் போட்டு, நீங்களும் இல்லத்தாரும் கையெழுத்திடுங்கள். கம்மல், கண்ணாடி, பல்செட், போன், சுருக்குப்பை. பூட்டுகிற மாதிரி ஒரு சின்ன அலமாரி, சாவி அவர் கையில். இதை நான் இப்போது எல்லோரிடமும் முதலில் சொல்கிறேன்.

முதல் மூன்று மாதம் ஒரு நோட்டு வையுங்கள்

நாற்பது பக்க நோட்டு போதும். போன தேதி, நேரம், பார்த்தது, சொன்னது, பதில் சொன்னவர் பெயர். ஒரே நாளில் ஒரே நேரத்தில் போகாதீர்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் வீடியோ காலோடு நிறுத்தாமல், ஊரில் சித்தப்பா மகனையோ பக்கத்து வீட்டு அண்ணனையோ மாதம் இரண்டு தடவை நேரில் போகச் சொல்லுங்கள். வீடியோவில் முதுகு தெரியாது.

முதுகு, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால் மூன்றையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துத் திரும்பச் சிவக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே சிவந்திருந்தால் அது படுக்கைப் புண்ணின் தொடக்கம். நிறம் கறுத்தவர்களுக்குச் சிவப்பு தெரியாது; சூடாகவோ கல் மாதிரி இறுகியோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். நகர முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைப்பதுதான் வழக்கம். கட்டிலருகே அதற்கு ஒரு அட்டை தொங்கவிடச் சொல்லுங்கள். மாதம் ஒரு முறை எடை பார்த்து எழுதுங்கள். சேலை ஜாக்கெட் தொளதொளவென்று ஆனாலே ஏதோ சரியில்லை.

மாத்திரைப் பட்டியலைக் கேளுங்கள். நல்லாப் பேசிக்கொண்டிருந்தவர் எப்போது போனாலும் தூங்கி வழிகிறார் என்றால், எந்த டாக்டர், எதற்காக, என்ன மாத்திரை கொடுக்கச் சொன்னார் என்று சீட்டோடு காட்டச் சொல்லுங்கள். சத்தம் போடாமல் இருப்பதற்காகத் தூக்க மாத்திரை கொடுப்பதும் கட்டி வைப்பதுதான்.

ஆயாக்களோடு சண்டைக்கு நிற்காதீர்கள். குறைந்த சம்பளத்தில் இருபது பேரைத் தூக்கித் துடைக்கிறவர்கள் அவர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள். என் பெரியம்மாவுக்கு நடந்ததைக் கடைசியில் என்னிடம் உள்ளபடி சொன்னது ஒரு ஆயாதான்.

இன்னொன்றும் உண்டு. இல்லத்தில் இருப்பவருக்கும் ஓட்டு இருக்கிறது. 85 வயது ஆனவர்கள் தேர்தலில் இருந்த இடத்திலேயே தபால் வாக்குப் போட முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். பெரியம்மா கையில் மை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் காட்டின நாளை நான் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

தவறு நடந்தால்

உயிருக்கு ஆபத்து என்றால் 108, அடி, அடைத்துவைப்பு என்றால் 112. அதில் யோசனையே வேண்டாம்.

மற்றவற்றுக்கு முதலில் நிர்வாகிக்கு எழுத்தில் கொடுங்கள். தேதி போட்டு, ஒரு நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்குங்கள். தர மறுத்தால் பதிவுத் தபால் அல்லது வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். புண், காயம் இருந்தால் பெரியவரின் சம்மதத்தோடு போட்டோ எடுத்து, அரசு மருத்துவமனையில் காட்டிச் சீட்டு வாங்கி வையுங்கள். அந்த ஓபி சீட்டு பின்னால் எந்தச் சாட்சியைவிடவும் கனமாக நிற்கும்.

ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் மாவட்டச் சமூக நல அலுவலர். அதோடு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்து எண்ணை வாங்குங்கள். முதியோரின் உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்புத் தரும் பொறுப்பைச் சட்டம் கலெக்டரிடம்தான் கொடுத்திருக்கிறது. மனு ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். யார், எங்கே, எந்தத் தேதியில் என்ன நடந்தது, என்ன செய்ய வேண்டும். மனக்குமுறலையெல்லாம் எழுதினால் படிப்பவர் கண் தேதியைத் தவறவிடும். நோட்டிலிருந்து எடுத்து எழுதினாலே போதும்.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14567. முதியோருக்கான இலவச உதவி எண், காலை 8 முதல் இரவு 8 வரை, தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிப் பெரியவரின் தலையணைக்கு அடியிலும் வையுங்கள்.

வாங்கிய பணத்துக்குச் சொன்ன சேவை தரவில்லை, டெபாசிட்டைத் தரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வழக்கு உதவி வேண்டுமென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழு, எண் 15100. பெண்கள் என்றால் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் கிடைப்பார்.

குடும்பமே கைவிட்டால்

இதை எழுதக் கஷ்டமாக இருந்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும். சேர்த்துவிட்டு நம்பரை மாற்றிக்கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி பிள்ளைகளிடமும், பிள்ளை இல்லாதவர் என்றால் அவர் சொத்தை அனுபவிக்கிற அல்லது அது வந்துசேரப் போகிற உறவினரிடமும் பராமரிப்புத் தொகை கேட்கலாம். மனுவை ஆர்டிஓ, அதாவது வருவாய்க் கோட்டாட்சியர், தலைமையில் உள்ள தீர்ப்பாயத்தில் கொடுக்க வேண்டும். பெரியவரால் முடியாவிட்டால் அவர் அதிகாரம் கொடுத்தவரோ ஒரு தொண்டு அமைப்போ கொடுக்கலாம். வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. நோட்டீஸ் சேர்ந்து 90 நாளுக்குள் முடிக்க வேண்டும், தேவைப்பட்டால் இன்னும் 30 நாள். தீர்ப்பு சரியில்லையென்றால் பெரியவர் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

எந்த ஆர்டிஓ என்பதில் பலர் அலைகிறார்கள். ராமேஸ்வரம், கீழக்கரை, திருவாடானை பக்கம் என்றால் ராமநாதபுரம். சாயல்குடி இருக்கும் கடலாடி தாலுகா என்றால் பரமக்குடி.

பராமரிக்க வேண்டியவரே பெரியவரை ஓர் இடத்தில் அடியோடு கைவிடும் நோக்கத்தில் விட்டுவிட்டுப் போவது குற்றம், மூன்று மாதம் வரை சிறை உண்டு. தானப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு கைவிட்டால் அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் "என் ஆயுள் வரை என்னைப் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனை பத்திரத்தில் எழுதியிருந்தால்தான் வழக்கு உறுதியாக நிற்கும். இன்னும் எழுதாதவர்கள் அந்த வரி இல்லாமல் எழுதாதீர்கள்.

இடம் மாற்றும்போது

நாங்கள் பெரியம்மாவை நான்காவது மாதம் வேறு இல்லத்துக்கு மாற்றினோம், இந்தத் தடவை அவரைக் கேட்டுத்தான். மாற்றும் நாளில் மருத்துவச் சீட்டுகள், மாத்திரைப் பட்டியல், கணக்கு முடித்த ரசீது மூன்றையும் வாங்காமல் வண்டி ஏறாதீர்கள். பொருள் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். எங்களிடம் அப்போது பட்டியல் இல்லை. ஆபீஸ் மேசை டிராயரிலிருந்து சுருக்குப்பையை எடுத்துக் கொடுத்தார்கள். போட்டோவும் சுண்ணாம்பு டப்பாவும் இருந்தன, பணம் இல்லை. பெரியம்மா பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு, "போற இடத்துல மீன் உண்டா தாயி?" என்றார். புதன், ஞாயிறு உண்டு என்று முன்பே கேட்டு எழுதி வாங்கியிருந்தேன்.